எலும்பில் ஊன்றிய கால்

கரிசல் மண்ணில் வேலிக்கம்பம் நடுகிறவனுக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து மண் பூரித்திருக்கும்போது கம்பம் மலைபோல் நிற்கும்; யார் தள்ளினாலும் அசையாது. பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் அதே மண் சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு வெடித்து, கம்பத்தைச் சுற்றி இடைவெளி விட்டுவிடும். அப்புறம் ஓர் ஆடு வந்து உரசினாலும் கம்பம் ஆடும். கம்பத்தின்மேல் குற்றமில்லை, பிடித்திருந்த மண் தன் பிடியை விட்டுவிட்டது. மணியாச்சி, கடம்பூர், கோவில்பட்டி வட்டாரத்து உழவர் எவருக்கும் இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மனிதனின் தொடை எலும்பில் உலோகக் கம்பம் ஒன்றை நட்டு, அதன் நுனியில் செயற்கைக் காலைப் பொருத்தும் மருத்துவமுறை இன்று சில நாடுகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. அம்முறைக்கும் இதே கவலைதான். உலோகம் உறுதியாக இருக்கும்போதே சிலருக்கு எலும்பு தன் பிடியைத் தளர்த்திவிடுகிறது. அவ்வாறு தளராதிருக்க, நம் கழுத்தில் இயல்பாகவே சுரக்கும் ஓர் இயக்குநீரை, அதாவது ஹார்மோனை, மருந்தாகச் செலுத்திப் பார்க்கலாமா என அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். இத்தகைய செய்திகளை எங்கோ கேள்விப்பட்டு, “எங்கள் வீட்டுக்காரருக்கு இது கிடைக்குமா?” என்று கேட்கும் தாய்மார்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். இருக்கிற இரண்டு ஏக்கரை விற்றாவது செய்துவிடலாம் என்று நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே இதன் உண்மை நிலையைச் சற்று நிதானமாக ஆராய்வது நலம்.

காலிழந்தவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். இருப்புப்பாதை விபத்தில் இழந்தவர், வெடிமருந்துத் தொழிலில் இழந்தவர், நெடுஞ்சாலையில் இழந்தவர் எனப் பலரை நாம் அறிவோம். இன்று பெருகிவரும் காரணம் நீரிழிவு. காட்டு வேலைக்குப் போன இடத்தில் சீமைக் கருவேல முள் ஒன்று ஏறுகிறது. உணர்ச்சி மரத்துப்போன காலாதலால் வலி தெரிவதில்லை. பத்து நாள் கழித்துக் கால் வீங்கி நாற்றமெடுக்கும்போதுதான் மருத்துவமனையை நாடுகிறார்கள். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே, அதன்பின் தொடை என்று வெட்டிக்கொண்டே போகும் அவலத்தை எத்தனையோ குடும்பங்கள் கண்டிருக்கின்றன.

காலிழந்தவர்க்கு வழக்கமாகப் பொருத்தப்படும் செயற்கைக் காலில், எஞ்சிய தொடையை நுழைக்கக் கிண்ணம் போன்ற உறை ஒன்று இருக்கும். அதனைச் சாக்கெட் என்பர். உடலின் பாரம் முழுவதும் அவ்வுறைக்குள் உள்ள தோலின்மீதும் தசையின்மீதும் இறங்குகிறது. உள்ளங்காலின் தோல் பாரம் தாங்கவென்றே படைக்கப்பட்டது. தொடையின் தோல் அவ்வாறு படைக்கப்படவில்லை. சித்திரை வெயிலில் மணியாச்சிச் சந்திப்பில் இறங்கி, தூத்துக்குடி வண்டிக்காகக் காத்திருந்து, மேம்பாலப் படியேறி மறுபக்கம் போய்ப் பார்த்தால் தெரியும்: வியர்வையில் உறை வழுக்கும், தோல் வெந்து புண்ணாகும். எஞ்சிய தொடை மிகக் குட்டையாயிருந்தால் உறை நிற்கவே நிற்காது. காலையில் சரியாயிருந்த உறை மாலையில் இறுகுவதும் உண்டு. உடல் மெலிந்தால் தளர்வதும் உண்டு.

இக்குறைகள் இருந்தும், நம் நாடு இத்துறையில் உலகுக்கு ஒரு நற்கொடை அளித்துள்ளது என்பதை மறக்கலாகாது. ஜெய்ப்பூரில் இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் டாக்டர் பிரமோத் கரண் சேத்தி என்னும் எலும்பு மருத்துவரும் சேர்ந்து 1960-களின் பிற்பகுதியில் உருவாக்கிய ரப்பர்ப் பாதம், காலணியின்றி நடக்கவும், சம்மணமிட்டு உட்காரவும், சேற்றில் இறங்கவும் வழிசெய்தது. மேலைநாட்டுச் செயற்கைக் கால் நாற்காலியில் உட்காருகிறவனுக்காகச் செய்யப்பட்டது; இதுவோ தரையில் உட்கார்ந்து உண்கிறவனுக்காகச் செய்யப்பட்டது. டாக்டர் சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. அவ்விருதைப் பற்றி எழுதியவர்களுள் எத்தனை பேர் அக்கைவினைஞரின் பெயரையும் எழுதினார்கள் என்பது வேறு கேள்வி. போரினால் காலிழந்த நம் யாழ்ப்பாணத்துச் சகோதரர்கள் பலரை நடக்கவைத்ததும் இந்த ஜெய்ப்பூர்க் காலே.

இனி எலும்பில் ஊன்றும் காலுக்கு வருவோம். இதன் மூலம் ஒரு தற்செயல் நிகழ்ச்சி. சுவீடன் நாட்டு அறிஞர் பேர்-இங்வார் பிரானெமார்க் 1952-இல் முயலின் கால் எலும்புக்குள் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்பதைக் காண்பதற்காக டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சிறு கருவி ஒன்றை எலும்பில் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து அதை எடுக்க முனைந்தபோது அது வரவில்லை. எலும்பு அதனை அந்நியப் பொருளாக எண்ணி ஒதுக்காமல், தன்னோடு சேர்த்து வளர்ந்துவிட்டிருந்தது. (நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட் கனிமத்தில் அடங்கியிருப்பதும் இதே டைட்டானியம்தான்.) 1965-இல் பல்லிழந்த ஒருவரின் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் பல் கட்டினார். இன்று நகரங்களில் பல் மருத்துவர்கள் ‘இம்ப்ளான்ட்’ என்று செய்வது அதுவே. பல்லுக்கு ஆவது காலுக்கு ஏன் ஆகாது என்று அவர் மகன், எலும்பு மருத்துவர் ரிக்கார்டு பிரானெமார்க், 1990-இல் தொடைக்கு மேல் காலிழந்த ஒருவருக்கு இம்முறையைக் கையாண்டார்.

அறுவை இரண்டு கட்டங்களாக நடைபெறும். முதலில் தொடை எலும்பின் உட்குழலில் திருகு போன்ற டைட்டானியத் தண்டைப் பதித்துப் புண்ணை மூடிவிடுவர். எலும்பு அதனைப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள், பெரும்பாலும் ஆறு மாதங்கள், காத்திருப்பர். பிறகு இரண்டாம் அறுவையில், தோலைத் துளைத்து வெளிவரும் இணைப்புக் கம்பி ஒன்றை அத்தண்டோடு பொருத்துவர். அதன் பின்னரும் உடனே நடக்க முடியாது. எடைபார்க்கும் கருவியின்மேல் அக்காலை ஊன்றி, முதலில் 20 கிலோ, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி, எலும்பைப் பாரத்துக்குப் பழக்குவர். இளங்காளையை ஏருக்குப் பழக்குவது போலத்தான். அவசரப்பட்டால் எல்லாம் பாழ்.

இதன் பயன் பெரிது. உறை இல்லை, வியர்வைப் புண் இல்லை, காலை மாட்டவும் கழற்றவும் சில நொடிகளே போதும். இவை அனைத்தினும் வியப்பானது ஒன்றுண்டு. கம்பி எலும்பையே தொடுவதால், தரையின் அதிர்வு எலும்பின் வழியே ஏறி உணர்வாகிறது. தாம் நிற்பது சிமிட்டித் தரையா, புல்வெளியா என்று குனிந்து பாராமலே சொல்லக்கூடியவர்கள் உளர்.

துன்பமும் இல்லாமல் இல்லை. தோலைத் துளைத்துக் கம்பி வெளிவரும் வாயில் என்றும் மூடாத வாயில். கிருமிகளுக்கும் அதுவே வாயில். நாள்தோறும் அதைக் கழுவித் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். சுவீடன் நாட்டில் 51 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாண்டு முடிவில் பதித்த தண்டுகளுள் 92 விழுக்காடு நிலைத்திருந்தன. ஆயினும் அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தோல்வாயில் மேலோட்டமான சீழ்நோய் கண்டது. பெரும்பாலும் மாத்திரையால் தீர்ந்துவிட்டது. ஆனால் எலும்புவரை இறங்கிய நோய் தண்டின் பிடியையே அரித்துவிடும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இம்முறைக்கு 2015-இல் வரம்புக்குட்பட்ட இசைவும், 2020-இல் முழு இசைவும் வழங்கியது. நம் நாட்டில் இது இன்னும் பரவலான சிகிச்சை அன்று.

பிடி தளர்வதற்குக் கிருமி ஒரு காரணம். எலும்பின் இயல்பு மற்றொரு காரணம். எலும்பைக் கல்போன்ற உயிரற்ற பொருளாக நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அதில் இரவும் பகலும் வேலை நடக்கிறது. பழைய எலும்பை இடிக்கும் அணுக்கள் ஒருபுறம். புதிய எலும்பைக் கட்டும் கொத்தனார் அணுக்கள் மறுபுறம். எந்த இடத்தில் பாரம் விழுகிறதோ அங்கே கொத்தனார் கை ஓங்கும். பாரம் இல்லாத இடத்தில் இடிப்பவர் கை ஓங்கும். ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892-இல் நூலாக எழுதிவைத்த உண்மை இது. காலை இழந்தவரின் எஞ்சிய தொடை எலும்பைப் பாருங்கள்: ஆண்டுக்கணக்கில் பாரம் தாங்காமல் மெலிந்து, உள்ளே சல்லடையாகிப்போயிருக்கும். அத்தகைய எலும்பில் தண்டை நட்டால் அது எதைப் பற்றிக்கொள்ளும்? நட்ட பின்னரோ வேறொரு சிக்கல்: உறுதியான உலோகம் பாரத்தைத் தானே சுமப்பதால், அதையடுத்த எலும்பின் சில பகுதிகள் வேலையிழந்து மேலும் மெலிகின்றன. சுமக்க வேறொருவர் கிடைத்துவிட்டார் என்றால் கையைக் கட்டிக்கொள்வது மனிதரிடம் மட்டும் உள்ள குணமன்று போலும்!

இங்கேதான் இயக்குநீரின் கதை வருகிறது. கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம் பயறளவில் நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. பாராதைராய்டு என்பது அவற்றின் பெயர். இவற்றை முதன்முதல் கண்டறிந்தது எந்த உடலில் தெரியுமா? லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்துபோன இந்தியக் காண்டாமிருகம் ஒன்றின் உடலில்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்டு ஓவன் என்பவர் அதை அறுத்து ஆராய்ந்தபோது கண்டார். மனித உடலில் இச்சுரப்பிகளை விளக்கி 1880-இல் எழுதியவர் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரைச் சேர்ந்த ஈவார் சாண்ட்ஸ்ட்ராம்.

இச்சுரப்பிகளின் வேலை, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் குறையாமல் காப்பது. குறைந்தால், எலும்பு என்னும் களஞ்சியத்தைத் திறந்து சத்தை எடுத்துக்கொடுக்கும். சுரப்பியில் கட்டி ஏற்பட்டு இயக்குநீர் ஓயாமல் சுரந்துகொண்டேயிருந்தால் எலும்பு கரைந்துவிடும். சிறுநீரகத்தில் கல் உண்டாகும். அவ்வாறாயின் எலும்பைக் கரைக்கும் இதனையா மருந்தாகக் கொடுப்பது?

விடை வியப்பானது. ஓயாமல் இருந்தால் கரைக்கும் அதே இயக்குநீர், நாளைக்கு ஒருமுறை சிறிதளவு ஏறி உடனே இறங்கினால், கொத்தனார் அணுக்களைத் தட்டியெழுப்பி எலும்பைக் கட்டுகிறது. மானாவாரிப் பயிர் செய்கிறவர்களுக்கு இது புரியும். கரிசலில் விட்டுவிட்டுப் பெய்யும் மழை பருத்தியை வளர்க்கும். நின்றுவிட்ட தண்ணீர் அதே செடியின் வேரை அழுகச் செய்யும். நீர் ஒன்றே, வரும் முறை வேறு. எலிகளில் இதன் சாயல் 1929-ஆம் ஆண்டையொட்டியே தென்பட்டது. ஆனால் மருந்தாக வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இயக்குநீரின் 84 கண்ணிகளுள் முதல் 34 மட்டும் கொண்ட டெரிபாராடைட் என்னும் மருந்து 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஆய்வில், எலும்பு மெலிந்த 1,637 முதிய பெண்கள் கலந்துகொண்டனர். நாளொன்றுக்கு 20 மைக்ரோகிராம் ஊசி போட்டுக்கொண்டவர்களிடையே புதிதாக முதுகெலும்பு முறிவது 65 விழுக்காடு குறைந்தது.

மெலிந்த எலும்பைக் கட்டும் மருந்து, உலோகத்தைப் பற்றும் எலும்பையும் கட்டாதோ என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. எலிகளின் எலும்பில் பதித்த திருகுகள் இம்மருந்தால் மேலும் இறுகின என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினர். ஜப்பானின் சிபா நகர மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு மெலிந்த மூதாட்டிகளின் முதுகெலும்பில் பொருத்திய திருகுகள் இம்மருந்து பெற்றவர்களிடம் குறைவாகவே ஆட்டம் கண்டன. தாடை எலும்பிலும் சிறு ஆய்வுகள் நம்பிக்கை தந்துள்ளன.

ஆனால் தொடை எலும்பில் ஊன்றிய காலைப் பொறுத்தவரை இதுவரை கிடைத்துள்ளவை பெரும்பாலும் விலங்குகளிடம் கண்ட முடிவுகளும் தொடக்கநிலை முயற்சிகளுமே. இதற்கென்று இம்மருந்து அனுமதிக்கப்படவில்லை. முதுகெலும்புத் திருகு உடலுக்குள்ளேயே மூடிக்கிடப்பது. காலின் கம்பியோ தோலைத் துளைத்து வெளியே நிற்பது. கிருமியால் தளரும் பிடியை இயக்குநீர் காக்காது. இவ்வேறுபாட்டை மறந்து, ஒன்றில் பலித்தது மற்றதிலும் பலிக்கும் என்று உறுதிகூறுவோரை நம்பற்க. மெலிந்த எலும்பு முதலில் தண்டைப் பற்றிக்கொள்ளும் அந்தச் சில மாதங்களில் இம்மருந்து உதவக்கூடும் என்று கருத நியாயம் உண்டு. அதற்கு மேல் இன்று சொல்வது மிகை.

மருந்தின் நடைமுறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாள்தோறும் தொடையிலோ வயிற்றிலோ தாமே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து 2 முதல் 8 பாகை வெப்பத்தில், அதாவது குளிர்பதனப் பெட்டியில் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றுபோகும் கோடையில் இது எளிதன்று. ஊசி போட்டதும் சிலருக்குத் தலைச்சுற்றல் வரும். கால் தசை இழுக்கும். பொதுவாக இரண்டாண்டுக்கு மேல் தருவதில்லை. நிறுத்தியபின் எலும்பைக் காக்கும் வேறு மருந்து தொடராவிட்டால், கட்டியது மீண்டும் கரையும். மிக அதிக அளவு செலுத்திய எலிகளுக்கு எலும்புப் புற்றுநோய் கண்டதால் பல்லாண்டுகள் கடும் எச்சரிக்கை இருந்தது. மனிதரிடம் அவ்வாறு தென்படாததால் 2020-இல் அமெரிக்காவில் அது தளர்த்தப்பட்டது. ஆயினும் எலும்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்க்கும், எலும்புப் புற்றுநோய் உடையவர்க்கும், வளரும் பிள்ளைகளுக்கும் இதைத் தரலாகாது. நம் நாட்டு நிறுவனங்களும் இம்மருந்தைத் தயாரிக்கின்றன. அப்படியிருந்தும் மாதாமாதம் வாங்குவது கூலிக் குடும்பத்துக்குப் பெரும் சுமையே.

இன்னும் ஒன்று உண்டு. இதுவே நம் பகுதிக்கு முக்கியமானது. எலும்பில் காலூன்றும் மருத்துவர்கள் எல்லாரையும் ஏற்பதில்லை. நீரிழிவால் இரத்தக்குழாய் கெட்டவர்களையும், புகைப்பிடிப்பதை விடாதவர்களையும் பெரும்பாலும் மறுத்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் புண் ஆறாது, கிருமி எளிதில் ஏறும். விபத்தில் காலிழந்த, உடல்நலம் வாய்ந்த, சாக்கெட் அணிய இயலாத இளைஞருக்கே இது பொருத்தம். அவரும் மழைக்காலக் கரிசல் சேற்றில் இறங்கி உழைக்க வேண்டியவராயின், தோலில் திறந்த வாயிலோடு அதை எப்படிச் செய்வார்? சுவீடனில் நல்லதாயிருப்பது மணியாச்சிக் காட்டில் அப்படியே நல்லதாகிவிடாது.

‘அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோமோ’ என்ற மனச்சுமை பிள்ளைகளை வாட்டுவதுண்டு. திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பரில் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், உயிரையும் நலத்தையும் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வதே கடமை என்றும், தமக்கோ பிறர்க்கோ கடும் சுமையாகும் வழிகளுக்கு எவரும் கட்டுப்பட்டவர் அல்லர் என்றும் விளக்கினார். திருச்சபை 1980-இல் வெளியிட்ட அறிக்கையும், சிகிச்சையின் செலவையும் பயனையும் ஒப்பிட்டு முடிவுசெய்யலாம் என்கிறது. உயிரைக் காக்கும் சிகிச்சைக்கே இவ்வாறெனில், இன்னும் ஆய்வில் இருக்கும் ஒன்றுக்காகப் பிள்ளைகளின் படிப்பையும் நிலத்தையும் இழக்க எந்தக் குடும்பமும் கடன்பட்டதன்று.

புனித கோஸ்மாஸ், தமியான் என்னும் இரட்டைச் சகோதரர்களை மருத்துவர்களின் பாதுகாவலர்களாகத் திருச்சபை செப்டம்பர் 26-இல் நினைவுகூர்கிறது. அழுகிய காலோடு துயின்ற கோவில் பணியாளர் ஒருவருக்குக் கனவில் தோன்றி, இறந்த ஒருவரின் காலைப் பொருத்தினார்கள் என்னும் பழங்கதையை ஐரோப்பிய ஓவியர்கள் பலர் தீட்டியுள்ளனர். காலுக்குக் கால் வைக்கும் ஆசை மனிதனுக்குப் பழையது. அப்படங்களைப் பார்ப்போர் பலர் மறந்துவிடும் செய்தி, அவ்விருவரும் காசு வாங்காமல் வைத்தியம் செய்தவர்கள் என்பது.

காசில்லாமல் நம் வீடுகளில் செய்யக்கூடியவை பல உண்டு. காலிழந்தவர் மூலையில் முடங்கிவிட்டால் எஞ்சிய எலும்பு மெலியும். கிடைத்த செயற்கைக் காலை நாள்தோறும் மாட்டி நிற்பதும் நடப்பதுமே எலும்புக்கு முதல் மருந்து. கேழ்வரகும் கீரையும் பாலும் சுண்ணாம்புச் சத்துத் தரும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்றாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு வைட்டமின் டி குறையும், அதை இரத்தப் பரிசோதனையில் அறியலாம். பீடியும் புகையிலையும் எலும்புக்கும் பகை. வேலூரில் 1946-இல் பணிதொடங்கிய டாக்டர் பால் பிராண்டு, வலியுணர்வு இழந்த தொழுநோயாளியின் பாதத்தை நாள்தோறும் கண்ணால் பார்த்துக் காக்கக் கற்பித்தார். அதே பாடம் இன்று நீரிழிவுக்காரரின் பாதத்துக்கும் பொருந்துகிறது. இரவு செபமாலை முடிந்ததும் பேரப்பிள்ளை ஒருவன் தாத்தாவின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும். முள்ளோ கொப்புளமோ தென்பட்டால் மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் போகட்டும்.

பங்குகளிலும் சிறு மாற்றங்கள் தேவை. முழந்தாளிட இயலாது, பிறர் பார்ப்பார்கள் என்று ஞாயிறு திருப்பலிக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்கள் உண்டு. கோவில் வாயிலில் படிக்கு அருகே ஒரு சாய்தளமும் கைப்பிடியும், முன்வரிசையில் கைவைத்த ஒரு நாற்காலியும் வைக்க ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவு வேண்டியதில்லை. வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு சந்திக்கும்போது, பழைய செயற்கைக் கால் உடைந்து பரணில் கிடக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம், பெரும்பாலும் கிடக்கும்.

அதைப் பழுதுபார்க்கவோ புதிதாகப் பெறவோ அரசு உதவி உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு தூத்துக்குடி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். அட்டை இல்லாதவர் முதலில் அரசு மருத்துவரின் சான்று பெற்று அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். போகும்போது அறுவை நடந்த மருத்துவமனையின் வெளியேற்றச் சீட்டையும், ஆதார் அட்டையையும், புகைப்படத்தையும் எடுத்துச்செல்வது நலம். சீட்டு தொலைந்திருந்தால் அம்மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் படி கேட்கலாம்.